டியூஷனை நிறுத்தினால் ஜெபம் கூடுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் சபைக்குழுச் செயலாளர். முந்நூறு குடும்பங்கள் உள்ள சபை. வாரத்தில் ஐந்து நாள் இலவச மாலை வகுப்பு நடத்துகிறோம். அறுபது பிள்ளைகள் வருகிறார்கள், பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். மாதம் ஒரு மருத்துவ முகாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாலிபர் சங்கத்தின் வாலிபால் போட்டி. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சுற்றுலா, அசனம் என்ற பொது விருந்து, ஆண்டு விழா, கலைநிகழ்ச்சி என்று வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆனால் புதன்கிழமை வேதபாடத்துக்கு வருவது பத்துப் பேர். உபவாச ஜெபத்துக்கு அதைவிடக் குறைவு.

சபையின் மூத்தவர்கள் சிலர், "சபை ஒரு கிளப் ஆகிவிட்டது. சபையின் வேலை ஆத்தும ஆதாயம். டியூஷனையும் முகாமையும் லயன்ஸ் கிளப் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டையும் நிறுத்தத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். வாலிபர்களோ, "இதையும் நிறுத்திவிட்டால் கோவிலைப் பூட்டிவிட்டுப் போகலாம்" என்கிறார்கள். எங்கள் போதகரான சேகரகுரு இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார். இதற்கு நடுவில் என் மனைவி சில மாதங்களாக ஞாயிறு மாலை வேறொரு ஜெப வீட்டுக்குப் போகிறாள். கேட்டால், "அங்கே எனக்காக ஜெபிக்கிறார்கள்" என்கிறாள். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் நாங்கள் எல்லோரும் வாலிபால் போட்டி ஏற்பாட்டில் இருந்தோம். சபையிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பதில்:

அன்பான சகோதரருக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, உங்கள் மனைவியின் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கூட்டத்தில் பேச உங்களுக்குத் தேவைப்படுகிற சில விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

மூத்தவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அவர்கள் பயப்படுவது நியாயமான பயம். பசித்தவனுக்குச் சோறு அரசாங்கமும் போடும், நல்ல மனசுள்ள அயலாரும் போடுவார்கள். ஆனால் ஒரு மனிதன் தன் பாவத்தோடு வந்து நிற்கும்போது, "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று கிறிஸ்துவின் பெயரால் சொல்ல சபையைத் தவிர யாரும் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கவும், அப்பமும் ரசமும் பகிரவும், மரிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசவும் வேறு எந்தச் சங்கத்துக்கும் அழைப்பு இல்லை. இதைச் செய்யாத சபை எத்தனை முகாம் நடத்தினாலும் அது சபையாக இருக்காது. 2013 மார்ச்சில் போப் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள், கர்தினால்களுக்கு முன்னால் நிகழ்த்திய முதல் பிரசங்கத்திலேயே இதைத்தான் சொன்னார். கிறிஸ்துவை அறிக்கையிடாவிட்டால் நாம் இரக்கத்துக்குரிய ஒரு தொண்டு நிறுவனமாகிவிடுவோம் என்றார். ஏழைகளுக்காக அவ்வளவு பேசிய ஒருவர் தம் வேலையை இந்த எச்சரிக்கையோடு ஆரம்பித்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இயேசுவின் ஊழியத்திலும் இது தெரிகிறது. கப்பர்நகூமில் இரவு வரைக்கும் நோயாளிகளைச் சுகமாக்கிவிட்டு, விடியும் முன்னே எழுந்து தனியாக ஜெபிக்கப் போகிறார். "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்று சீமோன் தேடி வருகிறான். திரும்பிப் போனால் இன்னும் ஒரு நாள் முழுக்க முகாம் நடத்தலாம், கூட்டமும் இருக்கிறது. அவரோ அடுத்த ஊர்களுக்குப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும், அதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். யோவான் 6-ல் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாள் தேடி வந்தவர்களிடம், நீங்கள் அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கூட்டம் சேர்ந்தது என்பதற்காக அவர் சந்தோஷப்படவில்லை.

சரி, அப்படியானால் மூத்தவர்களின் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிடலாமா? கூடாது. அவர்கள் நோயைச் சரியாகச் சொல்கிறார்கள், அறுக்கப்போகும் இடம் தவறு.

உங்கள் கடிதத்தில் ஒரே வரிசையில் வருகிறவை ஒரே ரகமான வேலைகள் இல்லை. மாலை வகுப்பும் மருத்துவ முகாமும் இல்லாதவருக்குச் செய்யும் உதவி. வாலிபால் போட்டியும் சுற்றுலாவும் கலைநிகழ்ச்சியும் நாம் நமக்காக நடத்திக்கொள்பவை. அவற்றில் பாவம் எதுவும் இல்லை. சபையார் சேர்ந்து சிரிப்பதும் சாப்பிடுவதும் நல்லதுதான், அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காருவதை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் "சபை ஒரு கிளப் ஆகிவிட்டது" என்று மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்களே, அந்த வருத்தத்துக்குக் காரணம் இந்த இரண்டாவது ரகம். தீர்மானமோ முதல் ரகத்தை நிறுத்தச் சொல்கிறது. சபைக்குழுக் கூட்டங்களில் கடந்த ஒரு வருடமாக எந்த விஷயத்துக்கு எவ்வளவு நேரம் போனது என்று மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், நீங்கள்தானே செயலாளர். மாலை வகுப்பைப் பற்றிய பேச்சு அதில் எவ்வளவு இருக்கிறது? போட்டிக்கு ஸ்பான்சர் பிடிப்பது, விழாவுக்கு யாரைத் தலைமை தாங்க அழைப்பது, நோட்டீஸில் யார் பெயர் முதலில் வருவது, அப்புறம் பேராயரின் கீழ் வரும் சபைகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் திருமண்டலத் தேர்தல். பல சபைகளின் பலத்தை இவைதான் உறிஞ்சுகின்றன. அறுபது பிள்ளைகளின் கணக்குப் பாடம் எந்தச் சபையின் ஜெபத்தையும் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை.

இப்போது அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். கூட்டத்தில் இதை யாராவது கட்டாயம் எடுப்பார்கள். "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல" என்ற வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் அதிகாரத்தின் ஆரம்பத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தார்கள். அதில் கிரேக்கு மொழி பேசிய யூத விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. பிரச்சினை பந்தியில் வந்தது, பாரபட்சத்தால் வந்தது. அப்போஸ்தலர்கள் பந்தியை நிறுத்தவில்லை. அந்த வேலைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். எப்படிப்பட்டவர்களை? கணக்குத் தெரிந்தவர்களை என்றோ, ஊரில் செல்வாக்குள்ளவர்களை என்றோ சொல்லவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்றவர்கள் வேண்டும் என்றார்கள். சோறு பரிமாறுகிற வேலைக்கு! பிறகு ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான். இன்னொருவர் சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோன பிலிப்பு.

இதிலிருந்து உங்கள் சபைக்கு நேராக ஒரு வேலை கிடைக்கிறது. முகாமுக்கு மருந்து வாங்குவதும், வகுப்பு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும், பந்தலுக்கு முன்பணம் கொடுப்பதும் சேகரகுருவின் தலையில் இருந்தால், அவர் புதன்கிழமை வேதபாடத்துக்கு எப்போது ஆயத்தப்படுவார்? பத்துப் பேர் வருகிற வேதபாடத்தில் அந்தப் பத்துப் பேருக்குத் தகுந்த ஆகாரம் கிடைக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அவரை அந்த வேலைகளிலிருந்து விடுவியுங்கள். ஆவிக்குரிய முதிர்ச்சியுள்ள நான்கைந்து பேரிடம் வகுப்பை ஒப்படையுங்கள். ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர்களை முன்னால் அழைத்து, சபை முழுக்க ஜெபித்து, அனுப்புங்கள். பாடகர் குழுவுக்குத் தனி அங்கி இருக்கிறது, திடப்படுத்தலுக்குப் பேராயரே வருகிறார். ஒரு தலித் குடியிருப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவளுக்காகப் பீடத்தின் முன்னால் ஒரு ஜெபம்கூட ஏறெடுத்ததில்லை என்றால், அந்த வேலை சபையின் வேலையாக யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

நீங்கள் இருப்பது திருநெல்வேலித் திருச்சபையின் பூமி. அங்கே நின்றுகொண்டு "ஆத்துமாவா, சரீரமா" என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் வேதனையாகக்கூட இருக்கிறது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாட்டைத் தமிழில் திருத்தி மொழிபெயர்த்தவர். ஊர் ஊராக உபதேசியார்களைப் பயிற்றுவித்து அனுப்பியவர். அதே மனிதர்தான், கிறிஸ்தவர்களானதால் வீட்டையும் நிலத்தையும் இழந்து துரத்தப்பட்டவர்கள் குடியிருக்க இடம் வாங்குவதற்காக 1830-ல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். நிலம் வாங்கிய வேலைக்கும் வேதம் மொழிபெயர்த்த வேலைக்கும் நடுவில் அவர் கோடு போட்டுக்கொள்ளவில்லை. நாசரேத்தில் மிஷனெரியாக இருந்த மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார், கைத்தொழில் பள்ளி நடத்தினார், மருத்துவம் பார்த்தார். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகள் முளைத்ததும் அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த மிஷனெரிப் பெண்களின் முயற்சியில்தான்.

டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்க்கத் தொடங்கியபோது, உங்கள் மூத்தவர்கள் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். சுவிசேஷம் சொல்ல வந்தவர் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டு இருக்கலாமா என்றார்கள். ஆத்துமா சரீரத்தோடு கட்டப்பட்டிருக்கிறதே, அதைப் பிரித்தெடுத்துத் தனியாக எப்படிக் கவனிப்பது என்பதுதான் அவர் பதிலின் சாரம். அவர் ஜெபிக்காத ஆள் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருநெல்வேலி நமக்குக் காட்டும் இன்னொரு காட்சியும் உண்டு, அது மூத்தவர்களுக்குச் சாதகமானது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் இருந்த காலம். மிஷன்கள் நிவாரணம் வழங்கின. ஆயிரக்கணக்கானவர்கள் திருச்சபையில் சேர்ந்தார்கள். இவர்கள் கிறிஸ்துவுக்காக வந்தார்களா, கஞ்சிக்காக வந்தார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பஞ்சம் முடிந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு, தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றவர்களும் உண்டு. பசியோடு வந்தவன் விசுவாசத்தில் நிற்கமாட்டான் என்று சொல்ல நாம் யார்? அதே சமயம் சோற்றைக் காட்டி ஆள் சேர்க்கலாம் என்று நினைப்பதும் பெரிய பாவம்.

இது உங்கள் மாலை வகுப்புக்கு நேராகப் பொருந்துகிறது. இந்துப் பிள்ளைகள் பாதிக்கு மேல் என்றீர்கள். "இவ்வளவு செலவு செய்கிறோம், ஒரு ஆத்துமாவாவது வந்ததா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியை ஏற்காதீர்கள். கி.பி. 362 வாக்கில் ரோமப் பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவத்தை வெறுத்தவன், தன் மதகுரு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பொருமுகிறான். இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் போஷிக்கிறார்கள், நம்முடையவர்களுக்கு நாம் உதவாமல் இருப்பது வெட்கக்கேடு என்கிறான். எதிரி கொடுத்த சாட்சி அது. பிரதிபலன் எதிர்பார்க்காமல் கொடுத்ததால்தான் அந்தச் சாட்சி கிடைத்தது. உங்கள் வகுப்பில் ஜெபத்தோடு ஆரம்பிக்கிறீர்கள் என்றால், அது பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும். சேரும்போதே சொல்லிவிடுங்கள். விரும்பாத பிள்ளை ஜெபம் முடிந்தபின் வரலாம் என்றும் சொல்லுங்கள். ஒளித்து வைத்துச் செய்யும் எதுவும் சுவிசேஷத்துக்குப் பெருமை சேர்க்காது. "ஏன் எங்கள் பிள்ளைக்காக இவ்வளவு செய்கிறீர்கள்?" என்று ஒரு தாய் ஒருநாள் கேட்பாள். அன்று கூசாமல், மழுப்பாமல், இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்கிறவளுக்குச் சொல்லாமல் விடுவதும் அன்பு இல்லை.

இந்த இரண்டு கட்சிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று வாலிபர்கள் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். இன்று நாம் கேட்கிற வடிவத்தில் இது பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் போதகராக இருந்த வால்டர் ரவுஷன்புஷ் போன்றவர்கள், தொழிலாளியின் கூலியும் குழந்தையின் பசியும் தேவராஜ்யத்தின் விஷயம் என்று 1907 வாக்கில் உரக்கப் பேசினார்கள். அவர்கள் வழியில் வந்த சிலர் பாவத்தையும் மீட்பையும் பேசவே மறந்தார்கள். அதைக் கண்டு பயந்த மற்றவர்கள் ஏழையைப் பற்றிப் பேசுவதையே சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். 1974-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் சுமார் 150 நாடுகளிலிருந்து சுவிசேஷ ஊழியர்கள் கூடியபோது, இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட் முன்னின்று எழுதிய உடன்படிக்கையில், சுவிசேஷம் சொல்வதும் சமூகப் பொறுப்பும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று எழுதி, இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்ததற்காக மனம்வருந்துகிறோம் என்றும் சேர்த்தார்கள். அதே உடன்படிக்கை சபையின் ஊழியத்தில் சுவிசேஷ அறிவிப்புக்கே முதலிடம் என்றும் சொல்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு. உங்கள் மூத்தவர்களுக்கும் உடன்பாடு இருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் லொசானில் கூடியவர்கள் அவர்கள் மதிக்கிற கூட்டத்தார்தான். அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாம் அழைத்துக் கூடிய மாநாடு அது.

ஆவிக்குரிய வேலை மட்டும் போதும் என்று சொல்பவர்களிடம் நான் அன்போடு ஒன்று கேட்பேன். திருவிருந்து ஆவிக்குரியதா, சமூகக் காரியமா? கொரிந்துவில் பணக்காரர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டுவிட, உழைத்துக் களைத்து வந்த ஏழைகள் பசியோடு உட்கார்ந்தார்கள். பவுல் அதை ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. இப்படிக் கூடினால் நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்றார். நம் பக்கத்திலேயே வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிவாரியாக மக்களைப் பிரிக்க நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. நம்முடைய சபைகளில் செங்கல் சுவர் இல்லாமல் இருக்கலாம். கல்லறைத் தோட்டத்திலும், பெண் கொடுப்பதிலும், சபைக்குழுத் தேர்தலில் ஓட்டுப் போடுவதிலும் சுவர் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அநீதியைத் தொடாத ஜெபத்தையும் ஆராதனையையும் கர்த்தர் ஏற்பதில்லை என்று ஏசாயா 58-லும் ஆமோஸ் 5-லும் எழுதியிருப்பது மூத்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டியூஷன் இல்லாவிட்டால் கோவிலைப் பூட்டிவிடலாம் என்கிறார்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. டியூஷனே இல்லாத காலத்திலும் கோவில் திறந்திருந்தது. அவர்களில் எத்தனை பேர் புதன்கிழமை வருகிறார்கள்? மாலை வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாலிபன் மாதம் ஒருமுறையாவது அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்க உட்காருகிறானா? ஊற்று இல்லாமல் இந்த வேலையில் நீடிக்க முடியாது. கோபத்தாலும் ஆர்வத்தாலும் இரண்டு வருடம் ஓட்டலாம், அதன்பின் சலித்துவிடும். 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சேசுதாசன், பேட்டன் இருவரும் மருத்துவர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார்கள். ஆனால் அது ஆசிரமம். நாளின் ஒழுங்கே ஜெபத்தைச் சுற்றி அமைந்தது. இந்தக் கட்டுப்பாட்டை வாலிபர் சங்கம் கற்றுக்கொண்டால் மூத்தவர்களின் வாயிலிருந்து பாதிக் குற்றச்சாட்டு தானாகப் போய்விடும்.

மருத்துவ முகாமைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. அதைக் கட்டாயம் தொடர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மிஷன்கள் ஆஸ்பத்திரியும் பள்ளியும் தொடங்கிய காலத்தில் கிராமங்களில் வேறு எதுவும் கிடையாது. இன்று ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாதம் ஒருநாள் பிரஷர் பார்த்து, ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அரசாங்கம் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் சபை அதைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்துக்கு நகர வேண்டும். படுக்கையோடு கிடக்கும் வயதானவர்கள். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியாக வாழும் பெற்றோர். குடியால் சிதைந்த குடும்பங்கள். மனநோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பூட்டிய வீடுகள். இதற்கெல்லாம் பந்தல் போட முடியாது, பேனர் வைக்க முடியாது. ஒருவர் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் உங்கள் மனைவியிடம் வருகிறேன்.

அவர்கள் மருத்துவமனையில் இருந்தபோது ஒருவர் வந்து, கையைப் பிடித்து, ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்திருந்தால் அது ஆவிக்குரிய ஊழியமா, சமூக சேவையா? "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று ஆண்டவர் சொல்வதும் அதைத்தான், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக என்று யாக்கோபு எழுதுவதும் அதைத்தான். மாற்கு 6-ல் திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகின இயேசு முதலில் உபதேசிக்கிறார், பொழுது சாய்ந்ததும் உணவு கொடுக்கிறார். இரண்டும் அந்த ஒரே மனதுருக்கத்திலிருந்து வருகின்றன. முந்நூறு குடும்பமுள்ள உங்கள் சபைக்கு அந்த வாரம் இல்லாமல் போனது அந்த மனதுருக்கம். உங்கள் மனைவிக்கு ஜெபமும் கிடைக்கவில்லை, உதவியும் கிடைக்கவில்லை. மாலை வகுப்பை நிறுத்தியிருந்தாலும் அன்று யாரும் போயிருக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள்.

ஆகவே கூட்டத்தில் எந்தப் பக்கமும் நிற்காமல் நீங்களே ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டு வாருங்கள். மாலை வகுப்பு தொடரட்டும், ஆனால் பொறுப்பு ஒரு சிறு குழுவிடம் போகட்டும், அதன் செலவைச் சபையார் காணிக்கையிலிருந்தே கொடுக்கட்டும். 1903-ல், பின்னாளில் பேராயரான அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம் என்பதில் உறுதியாக இருந்தார்கள். சோறு பொங்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த பெண்களின் காணிக்கையால் தாங்கப்பட்ட ஊழியங்கள் நம்முடையவை. வெளிப்பணம் வந்தால் திட்டம், நின்றால் திட்டமும் நின்றது என்ற நிலைமை உங்கள் வகுப்புக்கு வரக்கூடாது. போட்டியையும் சுற்றுலாவையும் ஒரு வருடம் நிறுத்திவைக்கலாம் என்று முன்மொழியுங்கள். எதிர்ப்பு வரும், முக்கியமாக வாலிபர்களிடமிருந்து. ஒரே ஒரு வருடம் என்று கேளுங்கள். மருத்துவ முகாமின் இடத்தில் வீடு சந்திக்கும் குழு. முந்நூறு குடும்பங்களையும் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பு. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மறுநாளுக்குள் ஒருவர் போயிருக்க வேண்டும். மூத்தவர்களை இந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள். ஜெபத்தின் மேல் அவர்களுக்கு உள்ள பாரம் உண்மையானது, அது இங்கே பயன்படட்டும்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க விளம்பரம் வேண்டாம். அந்த வாரம் சந்தித்த வீடுகளின் தேவைகளை, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, அங்கே கொண்டுவந்து ஜெபியுங்கள். மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லுங்கள். தனக்காக, தன் பிள்ளைக்காக ஒரு கூட்டம் பெயர் சொல்லி ஜெபிக்கிறது என்று தெரிந்தால் ஜனங்கள் வருவார்கள். உங்கள் மனைவி அந்த ஜெப வீட்டுக்குப் போவதற்குக் காரணமும் அதுதானே?

அவர்களை அங்கே போகவேண்டாம் என்று தயவுசெய்து தடுக்காதீர்கள். செயலாளரின் மனைவியே வேறு சபைக்குப் போகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். அந்த வாரம் நீங்களும் மைதானத்தில் இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று எழுதவில்லை. கூட்டத்துக்கு முன்பு அது நடக்கட்டும். மனைவியைச் சமாதானப்படுத்தி இந்தப் பக்கம் இழுக்கும் உத்தியாக இல்லாமல், கேட்க வேண்டியதால் கேளுங்கள்.

சேகரகுருவையும் தனியாகப் போய்ப் பாருங்கள். அவர் மௌனத்தைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு வார்த்தை பிசகினால் அடுத்த இடமாற்றம் வரை அதைச் சுமக்க வேண்டியவர் அவர். அப்போஸ்தலர் 6-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். நிர்வாக வேலைகளில் எதையெல்லாம் அவர் தோளிலிருந்து இறக்கிவைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஜெபத்துக்கும் வசனத்துக்கும் நேரம் கொடுக்கிறோம் ஐயா என்று சபைக்குழுச் செயலாளரே வந்து சொன்னால், அவர் கூட்டத்தில் பேசுவார் என்றே நினைக்கிறேன்.